இரண்டு அண்ணன்மார்

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், மாமா."

நான் கண்ணாடியை இடப்பக்கம் சரித்தேன். எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த கண்ணாடி அது. வெயிலை அதில் பிடித்துக் கல்லறைக் கல்லின்மேல் சாய்வாக விழுத்தினால், நூற்றைம்பது வருட மழையில் தேய்ந்துபோன எழுத்துகள் எழும்பித் தெரியுமென்று ஜூலியன் எங்கோ படித்திருந்தான். ஏப்ரல் மாதம். கனடாவின் கிச்சினர் நகருக்கு வெளியே, சோளக் காணிகளுக்கு நடுவே, பழைய ஜெர்மன் சவக்காலை ஒன்று. பனி உருகி நிலம் சொதசொதவென்று கிடந்தது. என் காலுறை இரண்டும் நனைந்து, முதுகு விண்ணென்று வலித்தது. என் மருமகன் ஈரப் புல்லில் முழங்காலில் நின்று, மெல்லிய பிரஷால் கல்லைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எம்!" என்றான். அவன் குரல் உயர்ந்தது. "மாமா, எம் தெரிகிறது. அடுத்தது..." பிரஷ் இன்னும் இரண்டு தரம் ஓடியது. பிறகு எழும்பி முழங்காலைத் தட்டினான். "மார்கரேத்தா."

நாங்கள் தேடிய மிகாயேல் இல்லை. அன்றைக்கு அது பதினேழாவது கல்.

ஜூலியன் என் மகள் சிவானியின் கணவன். மாநகரத் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கிற எஞ்சினியர். 'மாமா' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசுவான். நான்தான் தமிழில் எழுதுகிறேன். நல்ல பிள்ளை. குடியில்லை, சிகரெட் இல்லை. இந்த ஒரு வருத்தம்தான். அவனுடைய முன்னோர் யோஹான் என்பவர் 1852இல் ஜெர்மனியில் ஏதோ ஒரு கிராமத்தை விட்டு மனைவி பிள்ளைகளோடு கனடாவுக்குக் கப்பலேறி வந்தவராம். அவர் ஏன் வந்தார் என்று இவனுக்குத் தெரிய வேண்டும். அவர் வந்து சேர்ந்து, காடு வெட்டி, பிள்ளை பெற்று, செத்தும் போய்விட்டார். இனிமேல் தெரிந்து என்ன? ஆனால் இவனோ ரூஜ் பகுதியில் உள்ள தங்கள் வீட்டின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஆறடிக்குக் காகிதம் ஒட்டி, ஏழு தலைமுறைக்குப் பெட்டி பெட்டியாகக் கோடு இழுத்து வைத்திருக்கிறான். அதே காகிதத்தில் எங்கள் பக்கமும் உண்டு. என் அப்பா, அவருடைய அப்பா. அதற்கு மேல் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வருகிற ஆட்கள் இடப்பக்கத்தைப் பார்த்து வியந்துவிட்டு, வலப்பக்கத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றுவார்கள். எனக்கு அது எரிச்சல்.

நான் ஓய்வுபெற்றவன் என்பதால் இந்தச் சனிக்கிழமைகள் என் தலையில் விழுந்தன. "பொடியன் தனியப் போறான், கூடப் போங்கோவன், வீட்டில இருந்து என்னத்தைக் கிழிக்கிறியள்?" என்று என் மனைவி குணவதி கேட்டாள். அதற்குப் பதில் இல்லாதபடியால் மூன்று வருடமாகக் கல் பார்க்கிறேன்.

காரில் ஏறி, ஹீற்றரைப் போட்டுக் கோப்பியைக் கையில் எடுத்த பிறகு அவன் ஃபைலைத் திறந்தான். ஜெர்மனியில் ஏதோ ஒரு ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த பழைய விண்ணப்பத்தின் நகல். அந்தக் காலத்தில் ஊரை விட்டுப் போவதற்கு ஊர் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டுமாம். ஏன் போகிறாய் என்று காரணமும் எழுத வேண்டுமாம். கோழிக்கிறுக்கலாக இருந்த எழுத்தை அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்திருந்தான். இத்தனை வருடம் இவன் பேசப் பேச நான் தலையாட்டினேனே தவிர, அந்தக் காகிதத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. அன்றைக்குக் கால் காயும்வரை வேறு வேலை இல்லை. வாசித்தேன்.

'கீழே அடையாளமிடும் யோஹான், தச்சன், வயது முப்பத்தொன்று, பணிவுடன் தெரிவிப்பதாவது. கனடாவில் நூறு ஏக்கர் நிலத்துடன் வசிக்கும் என் மூத்த சகோதரன் மிகாயேல், தன்னிடம் வந்து சேரும்படி என்னை அழைத்திருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. முதுமையில் அவருக்குத் துணையாக இருப்பது என் கடமை. இனி நான் இவ்வூருக்கு எவ்விதத்திலும் சுமையாக இருக்க மாட்டேன்.'

அடியில் கையொப்பம் இல்லை. ஒரு சிலுவைக் குறி மட்டும்.

இரண்டாம் தரமும் வாசித்தேன். அதிகாரி என்ன கேட்பான் என்று முன்கூட்டியே தெரிந்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு வசனம். எங்கே தங்குவாய்? அண்ணன் இருக்கிறார். எதைச் சாப்பிடுவாய்? நிலம் இருக்கிறது. உன்னை ஏன் கூப்பிட வேண்டும்? பிள்ளை இல்லை. திரும்பி வந்து எங்கள் தலையில் விழுவாயா? மாட்டேன். ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை. கையொப்பம் வைக்கத் தெரியாத தச்சன் இதை எழுதவில்லை. இது தொழில் தெரிந்தவனின் வேலை. எனக்குத் தெரியும், அந்தத் தொழிலை நானும் செய்திருக்கிறேன்.

"இதிலே இன்னும் ஒரு விசேஷம் இருக்கிறது, மாமா," என்றான் ஜூலியன். "அதே ஆவணக் கட்டுக்குள் அதே ஊர்க்காரர் இன்னும் மூன்று பேரின் விண்ணப்பமும் இருக்கிறதாம். எல்லாம் ஒரே கையெழுத்தாம். அந்த மூன்று பேருக்கும்கூடக் கனடாவில் பிள்ளையில்லாத அண்ணன் இருந்திருக்கிறார். எல்லாருக்கும் நூறு ஏக்கர். நினைத்துப் பாருங்கள், ஒரு ஊரே அண்ணன்மாரைத் தேடிப் போயிருக்கிறது!"

எனக்குக் கோப்பி புரையேறி மூக்கால் வந்தது. அவன் முதுகில் தட்டினான்.

"ஆனால் மிகாயேல் எங்கேயும் இல்லை," என்றான் பிறகு. அவன் கண் சிவந்திருந்தது. "கப்பல் பட்டியல், கோயில் பதிவு, காணிப் பதிவு, எல்லாம் பார்த்துவிட்டேன். நூறு ஏக்கரோடு ஒரு மனிதன் எப்படி மறைந்துபோவான்? மூன்று வருடம், மாமா. அவரைக் கண்டுபிடித்தால்தான் இவர்கள் ஏன் வந்தார்களென்று தெரியும்."

'அப்படி ஒரு ஆளே இல்லை, தம்பி' என்று சொல்ல வாய் எடுத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்பான். அதற்கு என்ன சொல்ல? "சில நேரம் தம்பியைக் கூட்டிவரத் திரும்பிப் போன வழியில் கப்பலிலேயே செத்திருப்பார்," என்று சொல்லித் தொலைத்தேன். அவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது. கடலில் செத்தவர்களின் பட்டியலை அவன் இன்னும் பார்க்கவில்லையாம். என் வாயால் பிள்ளைக்கு இன்னும் இரண்டு மாத வேலை.

ரூஜ் வீட்டுக்கு வந்தால் சிவானி சாப்பாட்டு மேசையில் அழுதுகொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. பக்கத்தில் தடித்த பிறவுண் கடித உறை. என்னைக் கண்டதும் கஷ்டப்பட்டு எழும்பி வந்து கட்டிப்பிடித்தாள்.

"அப்பா, ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்ல? ஐம் நொட் மாட், கோவமில்ல. ஐ ஜஸ்ற்... எனக்கு ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேசையில் கிடந்த காகிதத்தைப் பார்த்ததும் விளங்கியது. என்னுடைய பழைய தட்டச்சின் மங்கல் எழுத்து. குடிவரவு அலுவலகத்தில் 1986இல் நான் கொடுத்த அகதி விண்ணப்பம். ஜனவரியில் அவள் ஏதோ ஃபோமை நீட்ட, நான் ரீவியில் செய்தி பார்த்தபடியே கையெழுத்து வைத்தது ஞாபகம் வந்தது. சுவரில் என் பக்கம் வெறுமையாக இருக்கிறதென்று, எனக்கே தெரியாமல் என் ஃபைலை எழுதிக் கேட்டு எடுத்திருக்கிறாள். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே என்று நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

'என் மூத்த சகோதரன் நவரட்ணம், வயது இருபத்தெட்டு, 1984 மே மாதம் மண்ணெண்ணெய் வாங்கச் சென்ற வழியில் சந்தியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மணமாகாதவர். எந்த இயக்கத்தையும் சேர்ந்தவரல்ல. அடுத்தது நான் என்று அஞ்சுகிறேன்.' இதன் பின்னால் தமிழ்ப் பத்திரிகைத் துண்டொன்றின் போட்டோக் கொப்பி. அதில் முத்திரை அளவில் ஒரு முகம்.

நான் பேசவில்லை. எங்கள் சனத்தின் மௌனத்தைப் பற்றிச் சிவானி பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்தவள். என்னுடையதும் அந்த வகை மௌனம்தான் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய தோளுக்கு மேலால் குணவதி தெரிந்தாள். குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது அவளுக்குத் தெரியும்.

"நாங்கள் யோசிச்சிட்டம், அப்பா. பிள்ளைக்கு நவன் எண்டுதான் வைக்கப்போறம். ஜூலியனுக்கும் சொல்ல ஈஸி."

ஜூலியன், கால்சட்டையில் சவக்காலைச் சேற்றோடு, அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவனுக்கும் கண் கலங்கியது. நேரே சுவருக்குப் போய், என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கீறி, பேனையால் 'நவரட்ணம், 1956–1984' என்று எழுதினான். மிகாயேலின் பெட்டி இன்னும் பென்சிலில், கேள்விக்குறியோடு கிடந்தது. என் அண்ணனுக்கு ஆவணம் இருந்தபடியால் மை.

1986இல் இங்கே பார்க்டேல் என்ற பகுதியில் நாங்கள் இரண்டு அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். நான் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தவன். ஆங்கிலம் தட்டச்சடிப்பேன். மூன்றாம் மாதத்துக்குள் அந்தக் கட்டிடம் முழுக்க என்னிடம்தான் ஃபோம் நிரப்ப வந்தது. நாட்டை விட்டு ஏன் வெளியேறினாய்? கேள்வி ஒன்றுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் 'பயமாக் கிடந்தது, வந்திட்டன்' என்பார்கள். அதை அப்படியே எழுதினால் போதாது. பயத்துக்கு ஆள் வேண்டும், திகதி வேண்டும், இடம் வேண்டும். உண்மையாகவே எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களும் வந்தார்கள். அவர்களுக்குத்தான் வாயில் சொல்லே வராது. நான் இடைவெளிகளை நிரப்பினேன். ஒருமுறை ஒரு அதிகாரி, உங்கள் ஆட்களில் எல்லாருடைய மாமாவுக்கும் லொறி இருந்திருக்கிறது, எல்லா லொறியும் எரிந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாராம். அதன்பிறகு லொறியை விட்டு வேறு எழுதினேன்.

என்னுடைய காரணம் இதுதான். 1985இல் ஒரு பின்னேரம் வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ஒரு ட்ரக் மெதுவாக என்னைக் கடந்து போனது. பின்னால் இருந்த ஒரு சிப்பாய் என்னைப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும். சுடவில்லை, இறங்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. ட்ரக் வளைவில் திரும்பும்வரை பார்த்தான், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு மூன்று நாள் உடம்பு நடுங்கியது. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். என் ஃபோமை எழுத உட்கார்ந்தபோது 'ஒருவன் என்னைப் பார்த்தான்' என்று அடித்தேன். அதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அதே அறையில் ராகுலன் இருந்தான். இருபத்திமூன்று வயது. நவரட்ணம் அவனுடைய அண்ணன். பத்திரிகைத் துண்டும் அவனுடையது. அவனுடைய ஃபோமை நான்தான் எழுதினேன். அந்தத் துண்டைக் கொப்பி எடுக்க நூலகத்துக்குப் போன நான், அவனுக்கு ஒன்று எடுத்து, எனக்கும் ஒன்று எடுத்தேன். பத்திரிகையில் தகப்பன் பெயர் போடவில்லை. வெறும் நவரட்ணம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதபடியால், சண்முகலிங்கம் என்ற எனக்கு நவரட்ணம் எப்படி அண்ணனானார் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருக்கும் அண்ணனாகக்கூடியவராக அவர் அந்தத் துண்டில் கிடந்தார்.

எனக்கு எட்டு மாதத்தில் சரிவந்தது. ராகுலன் இன்னும் மூன்று வருடம் காத்திருந்தான். ஒரே முகம் இரண்டு ஃபைலில் கிடந்ததாலோ, வேறு காரணமோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மூன்று வருடத்துக்குள் அவனுடைய அம்மா ஊரில் செத்துப்போனார், அவனால் போக முடியவில்லை. பத்திரிகைத் துண்டின் அசலை வாங்கி வைத்திருந்த வக்கீலின் அலுவலகம் மூடுப்பட, அதுவும் தொலைந்தது. ஊரில் வீடு எரிந்ததில் வேறு படமும் மிஞ்சவில்லை. கலியாண வீடு, செத்த வீடு, எங்கே கண்டாலும் கொஞ்ச நேரத்தில் அவன் அங்கேதான் வந்து நிற்பான். "அந்தப் பேப்பர் துண்டெண்டாலும் இருந்திருந்தா, லிங்கண்ணை. முகமே மறந்துபோச்சுது." ஒரு கொப்பி என் ஃபைலுக்குள் இருக்கிறதென்று தெரிந்துகொண்டே நான் ஓம் ஓமென்று தலையாட்டினேன். நாற்பது வருடம் ஆட்டினேன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு எந்த அண்ணன்?" என்று குணவதி வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"பிள்ளையிட்டச் சொல்லுங்கோ."

"சொன்னா சிற்றிசனைப் பறிச்சுப்போடுவாங்கள். உமக்கு விளங்காது."

"அறுபத்தேழு வயசில உங்களைப் பிடிச்சு அனுப்பி அவங்கள் என்ன செய்யப்போறாங்கள்? உங்களுக்கு அவங்களில பயமில்ல. அவளில பயம்." கொஞ்சம் பொறுத்து, "அந்தப் படத்தைப் பெருப்பிச்சு ஃபிறேம் போடக் குடுத்திட்டாள். பேபி ஷவருக்கு மாட்டப்போறாளாம். ராகுலனையும் வரச் சொல்லியாச்சுது," என்றாள்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு பேபி ஷவர். எனக்கு நான்கு கிழமை இருந்தது. இரண்டு தரம் முயன்றேன். முதல் தரம், சிவானியை ஸ்கான் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனபோது, கார் நிறுத்துமிடத்தில் வைத்து, "பிள்ளை, நான் அந்த ஃபோமில எழுதினது..." என்று தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை. "நவன் அப்பப்பாவுக்கு ஹாய் சொல்லுறான்," என்றாள். அப்பப்பா இல்லை, அம்மப்பா என்று திருத்தினேன். அதோடு என் பேச்சு முடிந்தது. திருத்த வேண்டியதை விட்டுவிட்டு எதைத் திருத்துகிறேன் என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டாம் தரம் ராகுலனுக்கு ஃபோன் எடுத்தேன். அவன் பிறம்ரனில் ஒரு லொறிக் கொம்பனியில் எந்த வண்டி எங்கே போவது என்று பார்க்கிற வேலையில் இருக்கிறான். பின்னால் லொறிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"ஞாயிற்றுக்கிழமை ஹைவேயில வேலை நடக்குதாம். அவ்வளவு தூரம் நீ வந்து கஷ்டப்படவேணுமே?"

"உதென்ன கதை, லிங்கண்ணை? உங்கட மகளின்ர விசேசம். வராம விடுவனே?" என்றான். பிறகு குரல் இறங்கியது. "இந்த மாசம் அண்ணைக்கு நாப்பத்திரண்டு வருசம். வீட்டுக்குள்ள இருந்தா மனம் ஒருமாதிரிக் கிடக்குது. நாலு முகத்தைப் பாத்தா நல்லம்."

ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் சோபாவில் இருந்தேன். யோஹானின் மேல் கோபம் வந்தது. காரணம் கேட்ட அதிகாரிகளின் மேல், ஜூலியனின் ஆறடிக் காகிதத்தின் மேல், நூலகத்துக் கொப்பி மெஷினின் மேல் கோபம் வந்தது. யார் மேல் வர வேண்டுமோ அவனை விட்டுவிட்டு எல்லார் மேலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரூஜ் வீட்டில் முப்பது பேர். பலூன், றோல்ஸ், பற்றிஸ், ஜூலியனின் அம்மா கிச்சினரிலிருந்து கொண்டுவந்த அப்பிள் கேக். சாப்பாட்டு அறையில் அந்தக் காகிதம். அதற்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டத்துக்குள், நல்ல கண்ணாடி போட்டு, நவரட்ணம். முத்திரை அளவு முகத்தைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெருப்பித்திருந்தார்கள். கிட்ட நின்றால் புள்ளி புள்ளியாக இருந்தது. தூர நின்றால் ஒரு இளைஞன், படியத் தலை வாரி, சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு பார்த்தான். வந்தவர்கள் முதல்முறையாக என் பக்கத்திலும் நின்றார்கள். என் கையைப் பிடித்து, "நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே," என்றார்கள். ஒவ்வொரு கைக்கும் நான் இன்னும் கொஞ்சம் சுருங்கினேன்.

ஜூலியன் தட்டோடு வந்து என்னைப் பின்பக்கத்து மரத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"கடலில் செத்தவர்கள் பட்டியல் முடிந்தது, மாமா. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். அவர் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு நானே ஜெர்மனிக்குப் போய் ஒரு மாதம் நின்று தேடலாம் என்று நினைக்கிறேன்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சிவானி, வயிற்றில் கை வைத்தபடி, யாருக்கோ படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறந்த பிள்ளையை விட்டுவிட்டு, இல்லாத ஒருவனைத் தேடி இவன் ஒரு மாதம் போகப் போகிறான்.

"நிறுத்து, ஜூலியன்," என்றேன். "மிகாயேல் என்று ஒருவர் இல்லை."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"யோஹானுக்குக் கையெழுத்தே வைக்கத் தெரியாது. நான்கு விண்ணப்பமும் ஒரே கை. நான்கு அண்ணன்மாருக்கும் நூறு ஏக்கர், ஒருவருக்கும் பிள்ளையில்லை. அந்த ஊரில் எழுதத் தெரிந்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். போக வேண்டும் என்று வந்தவர்களுக்கு ஆளுக்கொரு அண்ணனைக் கொடுத்திருக்கிறான்."

அவன் தட்டைக் கைப்பிடி மரத்தில் வைத்தான். "அப்படியானால் அவர்கள் ஏன் போனார்கள்?"

"அதை எழுதியிருந்தால் அனுமதி கிடைத்திராது. பசியோ, பயமோ, வெட்கமோ. யோஹானுக்கு மட்டும்தான் தெரியும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "நீங்களே பக்கத்தில் இருந்து எழுதின மாதிரிப் பேசுகிறீர்கள்."

நான் சிரிக்கவில்லை. மூன்று வருடம் காகிதங்களைச் சந்தேகத்தோடு பார்த்துப் பழகியவன் அவன். என் முகத்தைப் பார்த்தான், பிறகு மெல்லத் திரும்பிக் கண்ணாடிக் கதவுக்கு ஊடாகச் சுவரைப் பார்த்தான். பேனையால் தான் எழுதிய பெட்டியைப் பார்த்தான்.

"நவரட்ணம்?" என்றான்.

"அவர் இருந்தார். அவர் செத்ததும் உண்மை. ஆனால் அவர் என் அண்ணன் இல்லை."

"யாருடைய அண்ணன்?"

வாசல் மணி அடித்தது. உள்ளே குணவதி போய்க் கதவைத் திறப்பது தெரிந்தது. ராகுலன், தலை முழுக்க நரைத்து, ஒரு கையில் நீலப் பரிசுப் பையோடு குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். குணவதி அவனுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

ஜூலியன் என் கண் போன இடத்தைப் பார்த்தான். அவனுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"கழற்றிவிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான். "ஒரு நிமிடம் போதும். அறைக்குள் வைத்துவிடலாம்."

ஓம் என்று சொல்லத்தான் என் உடம்பு முழுக்கத் துடித்தது. ட்ரக் வளைவில் திரும்பும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு சைக்கிள் மிதித்த அதே உடம்பு. ஆனால் ராகுலன் நாற்பது வருடமாக என்னிடம் கேட்டது அந்த முகம் ஒன்றைத்தான்.

"வேண்டாம். கிடக்கட்டும்."

ராகுலன் இரண்டு மூன்று பேரோடு கை குலுக்கி, சிவானியின் தலையில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டு, பரிசுப் பையை எங்கே வைப்பதென்று பார்த்தபடி சாப்பாட்டு அறைக்குள் வந்தான். காகிதத்தைக் கடந்தான். சட்டத்துக்கு முன்னால் நின்றான். பின்னேர வெயில் கண்ணாடிக் கதவால் நேரே போய்ப் படத்தில் அடித்தது. அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வெறும் பளபளப்புத்தான் தெரிந்திருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். இடப்பக்கம் சரிந்தான், வலப்பக்கம் சரிந்தான்.

"அங்கிள், அது அப்பான்ர அண்ணா," என்று சிவானி பின்னால் வந்து சொன்னாள்.

"ஆரெண்டு சொன்னனி, பிள்ளை?" அவன் திரும்பவில்லை. இன்னும் வலப்பக்கம் சரிந்து, வெயிலுக்குள் முகத்தைத் தேடினான்.

நான் கதவைத் தள்ளி உள்ளே போனேன். யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். நேரே நடந்து போய், கதவுக்கும் படத்துக்கும் நடுவே, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். என் நிழல் கண்ணாடியின் மேல் விழுந்தது. அதற்குள்ளே, படியத் தலை வாரி, மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நவரட்ணம் ராகுலனைப் பார்த்தார். பரிசுப் பை அவன் கையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி நிலத்தைத் தொட்டது. நான் அசையவில்லை. அசைந்தால் முகம் போய்விடும்.